கல்விக்கூடத்தில் காவல்

பட்டாசு ஆலையில் அறைக்கு இத்தனை பேர் என்னும் வரம்பு, விபத்து நேருமுன் வகுக்கப்படுவது. கல்விக்கூடத்தின் காவலும் அத்தகையதே. மதிலும் வாயிற்காவலரும் அதன் புறத்தோற்றம் மட்டுமே.

2018ஆம் ஆண்டு மார்ச்சில் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை, மதிப்பெண்ணும் பணமும் காட்டி மாணவியர் நால்வரைத் தொலைபேசியில் தீயநெறிக்கு அழைத்தார். அப்பெண்கள் உரையாடலைப் பதிவு செய்தனர், அதுவே சான்றாயிற்று. எனினும் அவர் கைதானது, ஒலிப்பதிவு ஊரெங்கும் பரவிய பின்னர், ஏப்ரலில். 2024இல் திருவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தீங்கு ஆடவரிடமிருந்தே வரும் என்றெண்ணுவோர் இதனை நினைவிற்கொள்க.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரியில் புகார்க்குழு அமைதல் வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவும், உறுப்பினருள் பாதிக்குக் குறையாதோர் பெண்களாகவும், ஒருவர் வெளியாராகவும் இருத்தல் வேண்டும். உறுப்பினர் யாரென மாணவியர் அறியாவிடின் அது வெறும் ஏட்டுக்குழுவே.

பள்ளிக்கு விதி இன்னும் கடுமையானது. 18 வயது நிரம்பாதார்மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தல் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடமை. தம் பணியாளர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் தெரிவியாதொழியின் ஓராண்டு வரை சிறை. ‘பள்ளியின் பெயர் கெடும்’ என்பது அங்கே செல்லாது. பெற்றோர் இருவரும் ஆலைக்குச் சென்றுவிடும் வீட்டுப் பிள்ளைகள், 1098 என்னும் எண்ணை மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும்.