கண்டதும் கற்றதும்

பிள்ளைகளைத் தலைநகருக்கு அழைத்துச் செல்வது எளிது. அங்குள்ள ஒன்றையேனும் அவர்கள் உள்ளபடியே காணுமாறு செய்வதுதான் அரிது. இதனை நாங்கள் எங்கள் தவற்றின் வழியாகவே அறிந்துகொண்டோம்.

முதன்முறை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுடன் கோலாலம்பூர் சென்றபோது, ஒரே நாளில் மூன்று இடங்களைப் பார்த்துவிடத் திட்டமிட்டிருந்தோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்பேடு. தேசியப் பொருட்காட்சிசாலையில் மாணவர்கள் பொருள்களைப் பாராமல், அருகிலிருந்த விளக்க அட்டைகளையே பார்த்து எழுதிக்கொண்டு சென்றனர். பேராக் மாநிலத்துப் பீடோரில், ஈயச் சுரங்கம் ஒன்றில் 1936ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட அவலோகிதேசுவரரின் வெண்கலச் சிலையையும் அவ்வாறே கடந்தனர். ஆண்டும் இடமும் குறிப்பேடுகளில் பிழையின்றி இருந்தன. திரும்பும் வழியில், பேருந்தில், அச்சிலைக்கு எத்தனை கைகள் என்று வினவினோம். இரண்டு என்றனர் சிலர். நான்கு என்றனர் சிலர். எட்டு என்று கூற ஒருவரும் இலர். குற்றம் அவர்களுடையதன்று, எழுதச் சொன்னவர்கள் நாங்களே.

ஆகவே அடுத்த பயணத்தை இரண்டு நாளாக்கினோம். நாளுக்கு ஓர் இடம் போதும் என்று முடிவு செய்தோம். பார்க்க வேண்டிய பொருளையும் ஒன்றாகச் சுருக்கினோம். அது ஈயம். கோன்லே சாலையிலுள்ள கைவினை வளாகத்தை விட்டுவிட நேர்ந்தது. பாத்தேக் துணியில் மெழுகால் கோடிழுக்க ஆசைப்பட்டிருந்த மாணவியர் சிலரின் முகம் வாடியது உண்மை.

முதல் நாள் தேசியப் பொருட்காட்சிசாலை. 1945இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் சிதைந்த சிலாங்கூர் பொருட்காட்சிசாலை இருந்த இடத்தில் எழுந்து, 1963 ஆகஸ்டு 31இல் திறக்கப்பட்டது இது. முகப்பின் இரு பெருஞ் சுவர்களிலும் கண்ணாடிச் சில்லுகளால் அமைந்த ஓவியங்கள் உள்ளன. உள்ளே நுழையுமுன் அவற்றின் எதிரே அனைவரையும் அமரச் செய்தோம். உள்ளே முதல் அரை மணி நேரம் எழுதுகோலுக்கு இடமில்லை. பிறகு, பிடித்த ஒரே ஒரு பொருளை வரையலாம். முற்காலத்தில் இந்நாட்டில் ஈயத்தை முதலை, ஆமை போன்ற உருவங்களில் வார்த்துப் பணமாக வழங்கினர் என்று கூறியதும், அந்த முதலையை எப்படிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது என்று ஒரு மாணவன் கேட்டான். அட்டையைப் பார்த்து எழுதுகிறவனுக்கு இத்தகைய ஐயம் தோன்றாது. ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். குளிரூட்டிய கூடத்தில் பிள்ளைகளுக்குப் பசி விரைவில் வந்துவிடுகிறது.

மறுநாள் செத்தாப்பாக்கிலுள்ள ராயல் சிலாங்கூர் பட்டறைக்குச் சென்றோம். சீனத்திலிருந்து வந்த யோங் கூன் என்பவர் 1885இல் கோலாலம்பூரில் தொடங்கிய தொழில் இது. வழிபாட்டுக்குரிய ஊதுபத்திக் கிண்ணங்களும் மெழுகுவர்த்தித் தண்டுகளுமே அவர் தொடக்கத்தில் செய்தவை. இங்கு வார்க்கப்படும் பியூட்டர் என்னும் கலப்பு உலோகத்தில் பெரும்பகுதி ஈயம். செம்பும் ஆன்டிமனியும் சிறிதளவே. உருகிய உலோகத்தைக் கரண்டியால் அச்சில் ஊற்றுகின்றனர். சிறிது நேரத்திலேயே அது இறுகிவிடுகிறது. சொரசொரப்பான உலர்ந்த இலையால் தேய்த்து மெருகேற்றுவதைக் கண்டு மாணவர்கள் வியந்தனர். பிறகு அவர்களே ஆளுக்கொரு தட்டையான தகட்டை அச்சில் வைத்துச் சுத்தியலால் தட்டிக் கிண்ணமாக்கினர். ஓங்கி அடித்தவர்களின் கிண்ணம் கோணியது. பொறுமையாகச் சுற்றித் தட்டியவர்களின் கிண்ணம் குழிந்தது. வகுப்பில் வாய் திறவாத மாணவன் ஒருவனின் கிண்ணமே எல்லாவற்றிலும் சீராக அமைந்தது. மற்றவர்கள் அவனிடம் வழி கேட்டனர். அவனும் சொல்லிக் கொடுத்தான்!

அப்பொழுது ஒரு மாணவி, "டீச்சர், எங்கள் பாட்டி ஈயச் சொம்பில் ரசம் வைப்பார். இந்த உலோகம் இவ்வளவு எளிதில் உருகுமென்றால், அச்சொம்பு மட்டும் அடுப்பில் ஏன் உருகுவதில்லை?" என்று கேட்டாள்.

நாங்கள் எதிர்பாராத வினா. ஈயம் 232 பாகை செல்சியசில் உருகும். நீரோ 100 பாகையில் கொதித்து, அடுப்பின் வெப்பத்தை ஆவியாகச் சுமந்து சென்றுவிடும். ஆகவே உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பின் சூடு அந்த அளவை ஒட்டியே நிற்கும். ரசம் வற்றினாலோ, வெறுஞ் சொம்பை அடுப்பில் ஏற்றினாலோ தடுப்பார் எவருமில்லை. நீரை ஊற்றிய பின்னரே சொம்பை அடுப்பில் வைக்க வேண்டுமென்று பாட்டிமார் கண்டிப்பதன் காரணம் இதுவே. காரீயம் நஞ்சு என்பதையும், சொம்பு செய்யத் தக்கது வெள்ளீயமே என்பதையும் அங்கேயே விளக்கினோம்.

அடுத்த திங்கட்கிழமை அம்மாணவியின் பாட்டியார் பள்ளிக்கு வந்தார். கையில் துணியில் சுற்றிய ஒரு பழைய ஈயச் சொம்பு. திருமணமான புதிதில் வெறுஞ் சொம்பை அடுப்பில் வைத்து மறந்துவிட்டாராம். அடிப்பகுதி ஒருபுறம் இளகித் தொங்கி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. தம் தாயார் கொடுத்த சீர் என்பதால் எறிய மனமின்றி இத்தனை ஆண்டுகளாகப் பரணில் வைத்திருந்தாராம். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து அவ்வோட்டையில் விரலை விட்டுப் பார்த்தனர். இப்பொழுது அச்சொம்பு, அவர்கள் தட்டிய கிண்ணங்களுக்கு நடுவே, எங்கள் நூலகத்தின் அலமாரியில் இருக்கிறது. அதற்கான விளக்க அட்டையை அம்மாணவியே எழுதியிருக்கிறாள்.