சம்ப்பில் கொல்லணும், செப்டிக் டேங்கில் கொல்லக் கூடாது

தங்கச்சி, வீட்டுக்கு வாங்கும் ப்ளீச்சிங் பவுடர் ரெண்டு இடத்துக்குப் போகிறது. ஒன்று குடிதண்ணீர் சம்ப், இன்னொன்று கக்கூஸ் வழியாக செப்டிக் டேங்க். சம்ப்பில் இருக்கும் கிருமி சாகணும். டேங்கில் இருக்கும் பாக்டீரியா பிழைக்கணும், மலத்தைக் கரைத்துக் கொடுப்பதே அதுதான். பவுடர் ஒன்றுதான் என்றாலும், விழுகிற இடத்தைப் பொறுத்து அதன் வீரியம் மாறும்.

முதலில் சம்ப். 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் போதும். அப்படியே தூவாதே. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி வை. சுண்ணாம்பு வெள்ளையாக அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்று. மழைக்காலத்துக் கலங்கல் தண்ணீரா? முதலில் தெளியவிடு. அழுக்கு குளோரினைத் தின்றுவிடும், மண்துகளுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும். அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம் என்பது நம்ம வெயிலுக்குச் சொன்ன கணக்கு. ஊட்டி, கொடைக்கானல் என்றால் ஒரு மணி நேரம் விடு; குளிர்ந்த தண்ணீரில் குளோரின் மெதுவாகத்தான் கொல்லும்.

போர் தண்ணீர் வீடுகளுக்கு இன்னொரு விஷயம். குளோரின், தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும்போதுதான் கிருமிக்குள் சுலபமாக நுழையும். பிஎச் 7.5 இருந்தால் பாதி அப்படி இருக்கும், 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குதான். தண்ணீர் அப்படிக் காரமாக இருந்தால் பவுடரை அள்ளிக் கொட்டாதே, நேரத்தைக் கூட்டு. ராத்திரி போட்டுக் காலையில் எடு. குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப் இருந்தால் பார்த்துக்கொள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் நிற்கணும்.

பாத்ரூமுக்கு வருவோம். ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றாதே, எந்த அவசரத்திலும். அமிலம் பட்டதும் குளோரின் வாயுவாகக் கிளம்பும். கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

செப்டிக் டேங்கைப் பொறுத்தவரை, கோப்பை கழுவுகிற அளவு ப்ளீச்சிங்குக்குப் பயப்பட வேண்டாம். வழியிலும் டேங்கிலும் உள்ள கசடே அதைத் தின்று தீர்த்துவிடும். பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்தால்தான் வம்பு. எனக்குக் கவலை கறுப்பு பினாயில் மேல்தான். அதிலிருக்கும் பீனால் வகைச் சரக்கு அழுக்கைக் கண்டு அவ்வளவாக அடங்காது, கசடுக்கு நடுவிலும் கொல்லும். ப்ளீச்சிங் காரம், பினாயில் சாது என்று நினைப்பவர்கள்தான் அதிகம், நாற்றம் வந்தால் இன்னும் ஒரு மூடி ஊற்றுவார்கள். அதை விட்டுவிட்டு பிரஷ் போட்டுத் தேய். மருந்து வேண்டுமென்றால் கொஞ்சமாக, நாள் விட்டு.

டேங்கை உறிஞ்ச லாரி வரும்போது ரெண்டு விஷயம் சொல்லிவிடு. அடியில் கொஞ்சம் கசடை விட்டுவைக்கச் சொல். அடுத்த பாக்டீரியாக் கூட்டத்துக்கு அதுதான் விதை. காலியான டேங்கில் ப்ளீச்சிங் அடிக்கவும் விடாதே. அங்கே குளோரினைத் தின்னப் போதுமான கசடு கிடையாது, முழு விஷமும் அந்த விதை மேலேயே இறங்கும்.

குழாய் போட்டு உறிஞ்சினால் போதும். ஆளை மட்டும் உள்ளே இறக்காதே, தங்கச்சி.