ராமேஸ்வரம் வருகிறவர் காரை எங்கே விடுவது?

ராமேஸ்வரத்துக்கு எப்படி வருவது என்று கேட்பவர்கள் ரயிலா, பஸ்ஸா, காரா என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். எந்த வண்டியை எந்த இடத்தில் விட்டு இறங்குவது என்பதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது என்பது என் கட்சி. ஊரின் இருப்பே அப்படி. மெட்ராஸில் போட் மெயில் ஏறியவர்கள் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் கடந்து கொழும்புக்குப் போன காலத்தில் இந்தத் தீவு ஒரு வழித்தடம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அந்தத் தடத்தின் கண்ணி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் 1980-களில் நின்றபோது வழித்தடம் முட்டுச்சந்தாகிவிட்டது. இன்று வேறு எங்கோ போகிற வழியில் யாரும் ராமேஸ்வரத்தைக் கடப்பதில்லை. பாலம் தாண்டிய ஒவ்வொரு வண்டியும் தீவுக்குள் ஓர் இடம் பார்த்து நிற்க வேண்டும், பிறகு வந்த வழியே திரும்ப வேண்டும். அதற்கு இருப்பது 1988-இல் திறந்த ஒரே சாலைப் பாலம்.

இந்தக் கணக்கில் ரயில் முன்னால் நிற்கிறது. நூற்றுக்கணக்கானவர்களை ஊருக்குள்ளேயே இறக்கிவிடுகிறது. அவர்களுக்காக ஒரு வண்டி நிறுத்துமிடம்கூடத் தேவையில்லை. ஸ்டேஷனிலிருந்து கோயில் ஆட்டோவில் சில நிமிடம், கையில் சுமை இல்லையென்றால் நடக்கிற தூரம்தான். ஆனால் ரயிலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. பழைய பாலம் பழுதுபட்டு 2022 டிசம்பரில் மூடியதிலிருந்து 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறக்கும் வரை ரயில்கள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலுமே நின்றன. மீதித் தூரத்தைப் பஸ்கள்தான் சுமந்தன. புதுப் பாலத்திலும் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விளக்குதான். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் அன்று மாலையே மதுரையில் விமானம் ஏறுகிற மாதிரி திட்டம் போடாதீர்கள். ரயில் நின்றால் ராமநாதபுரத்தில் இறங்கிப் பஸ் பிடியுங்கள். அங்கிருந்து 55 கிலோமீட்டர்தான்.

கோயிலைச் சுற்றியுள்ள பகுதியில் கார் ஏன் உதவாது என்பதற்குத் தீர்த்தமாடுகிற ஒருவரைப் பார்த்தாலே போதும். அக்னி தீர்த்தத்தில் கடலில் முழுகி எழுந்து, சொட்டச் சொட்ட உள்ளே போய், 22 தீர்த்தங்களிலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொள்கிறார். கைபேசியைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது. ஈர உடையோடு சந்நிதிக்கும் போக முடியாது. டிரைவரை எங்கே நிற்கச் சொன்னோம் என்பதை ஈரத் துண்டோடு நின்று தேட வேண்டிய நேரம் அது. அமாவாசைக் கூட்டத்தில் ரத வீதிப் பக்கம் வண்டியை அண்டவும் விடமாட்டார்கள். நடந்து போகிற தூரத்தில் ஓர் அறை எடுத்தவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சீனக் கடற்கரை நகரமான சியாமெனை ஒட்டிய குலாங்யூ தீவுக்குள் சுற்றுலா வருபவர்கள் காரைக் கொண்டுபோக முடியாது. படகில் இறங்கி நடக்க வேண்டியதுதான். அங்கே சட்டம் செய்வதை இங்கே நாமாகவே செய்துகொள்ளலாம்.

ரயிலில் டிக்கெட் எங்கே கிடைக்கிறது என்று கேட்பீர்கள். சென்னையிலிருந்து நேரடி ரயில்களில் விடுமுறைக் காலத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் ராமேஸ்வரம் வரை ஒரே டிக்கெட் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால்தான் பாதிக் கஷ்டம். மதுரைக்கு ரயில்கள் ஏராளம். அங்கிருந்து முன்பதிவு தேவையில்லாத பாசஞ்சர் ரயிலும் உண்டு, மாட்டுத்தாவணியில் பஸ்ஸும் உண்டு. எதில் வந்தாலும் ஏறக்குறைய நாலு மணி நேரம். வயதானவர்களை இப்படி ஏற்றி இறக்க முடியுமா என்பது இதைவிட நியாயமான கேள்வி. நடக்கவே முடியாதவர் என்றால் அறை வாசல் வரை கார்தான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கொஞ்சம் நடக்கக்கூடியவருக்கு, மதுரையிலிருந்து 170 கிலோமீட்டர் காரில் மடங்கி உட்கார்ந்து வருவதைவிட, எழுந்து நடமாடவும் கழிப்பறை போகவும் வசதியுள்ள ரயிலே மேல்.

காருக்கு உண்மையான வேலை இருப்பது நிலப்பகுதியில். தேவிபட்டினம் நவபாஷாணம் ராமநாதபுரத்துக்கு வடகிழக்கே, திருப்புல்லாணியும் சேதுக்கரையும் தெற்கே, உத்தரகோசமங்கை தென்மேற்கே, ஏர்வாடி தர்கா அதற்கும் அப்பால். சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல எல்லாம் ராமநாதபுரத்திலிருந்து பிரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் டவுன் பஸ் உண்டு என்றாலும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பெரும்பாலும் ராமநாதபுரம் திரும்பி வேறு பஸ் ஏற வேண்டும். ஒரு நாளில் இரண்டு இடம் பார்த்தாலே பெரிது. இங்கே வாடகைக் கார் ஒன்று அமர்த்தினால் காலையில் கிளம்பி எல்லாவற்றையும் முடித்து, பொழுது சாய்வதற்குள் ரயிலையோ பஸ்ஸையோ பிடித்துவிடலாம். சொந்தக் காரில் வந்தவர்களும் அதை ராமநாதபுரத்தில் தங்கும் விடுதியிலேயே விட்டுவிட்டுத் தீவுக்குப் பஸ் ஏறலாம்.

தீவுக்குள் சுற்றுவதற்கு ஆட்டோ போதும். ஏறும் முன் பேச வேண்டியது மூன்று: எத்தனை பேர், எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் காத்திருப்பது. திசையும் தெரிந்திருக்க வேண்டும். ராமர் பாதம் கோயிலுக்கு வடமேற்கே, தனுஷ்கோடி தென்கிழக்கே. இரண்டையும் ஒரே சுற்றில் சேர்த்தால் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும், கூலியும் ஏறும். வில்லூண்டித் தீர்த்தமும் பேக்கரும்பு கலாம் நினைவிடமும் பாம்பன் சாலையை ஒட்டியே இருப்பதால், அவற்றைத் தனியாக ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். 2017-க்கு முன் மணலில் தடம் பிடித்து ஓடிய வேன்களை நம்பித்தான் தனுஷ்கோடி போக வேண்டியிருந்தது. இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை, அரசுப் பஸ்ஸும் போகிறது. தனி ஆள் என்றால் பஸ்ஸே லாபம். நாலு பேர் என்றால் ஆட்டோவைப் பகிர்ந்துகொள்ளலாம். சாயங்காலம் இருட்டும் முன்பே அங்கிருந்து எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள் என்பதால் காலையில் போவதே நல்லது. இதையெல்லாம் மீறிக் காரில்தான் தீவுக்கு வருவேன் என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: ஆடி, தை, மஹாளய அமாவாசைகளை விட்டுவிட்டு வேறு நாள் பாருங்கள். அந்த நாட்களில் பாலத்தில் சேருகிற ஒவ்வொரு காரும், பஸ்ஸில் வருகிற ஐம்பது பேரின் நேரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.