எருவை மாவாக்க வேண்டாம்

வேலூர்ப் பக்கம் கணியம்பாடியில் கம்போஸ்ட் டீ (எருவைத் தண்ணீரில் ஊறவைத்து, வெல்லம் சேர்த்து, பம்பால் காற்றூட்டி எடுக்கும் கரைசல்) போடும் நண்பர்கள் வந்தால் வெல்லக் கணக்கைத்தான் முதலில் கேட்பார்கள். நான் அவர்கள் எருவைக் கையில் வாங்கிப் பார்ப்பேன். கரைசலில் எந்த உயிர் ஏறும், எது ஏறாது என்பதைத் துகளின் பருமனே பாதி முடிவுசெய்துவிடுகிறது.

கணக்கு எளிது. 1 செ.மீ. பக்கமுள்ள ஒரு கட்டியின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 மி.மீ. துகள்களாக உதிர்த்தால் 60. பாக்டீரியாக்கள் இந்தப் பரப்பில்தான் ஒட்டிக்கிடக்கின்றன. தண்ணீர் படும் இடம் கூடினால் சுலபமாகக் கழன்று வருகின்றன. இதைக் கேட்டதும் பலர் எருவைக் கட்டை தூளாக்கும் இயந்திரத்தில் கொடுத்து மாவாக்கிவிடுகிறார்கள். அடிபடுவது பூஞ்சை. அதன் இழை சில மைக்ரான் தடிமன்தான், ஆனால் நீளமானது. மக்கிய சுள்ளி, மல்லாட்டைத் தோல், இலை நரம்பு என்று ஊடுருவி ஓடும். அரைத்தால் துண்டு துண்டாகிவிடும். அப்படி அறுந்ததில் எல்லாமே திரும்பத் தழைப்பதில்லை.

அதனால் நான் இயந்திரம் பக்கமே போவதில்லை. மணல் சலிக்கும் வலையில் எருவைக் கையால் உதிர்த்துத் தள்ளுவேன். ஈரம் இருக்கும்போதே செய்ய வேண்டும்: பிடித்தால் உருண்டை நிற்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்த எரு புழுதியாகத்தான் பறக்கும். கீழே விழுந்தது கத்தரிக்கு. (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் முள்ளுக் கத்தரிக்குக் கொஞ்சம் கூடுதல் உபசாரம் உண்டு.) வலையின் மேல் நின்ற, பூஞ்சை இழை அறாத சக்கை மாமரத்துக்கும் தென்னைக்கும் ஊற்றும் கரைசலுக்கு. பூஞ்சை வேண்டும் என்று அமிர்திப் பக்கம் காப்புக்காட்டில் மண் அள்ளி வருவோரும் உண்டு. அது சட்டப்படி தப்பு, தேவையும் இல்லை. புங்க மரத்தடியில் மக்கிய சருகு போதும்.

கோடையில் பொடிசான எரு இன்னொரு வம்பு. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 35 டிகிரியில் அது 7-க்கு இறங்கிவிடும். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் டிரம் தண்ணீர் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பொடி எரு, வெல்லம், சூடு மூன்றும் சேர்ந்தால் பாக்டீரியா பெருகிப் பெருகி இருக்கிற காற்றைக் குடித்துத் தீர்த்துவிடும். பிறகு சாக்கடை வாடைதான். மீன்தொட்டிக் காற்றுப் பம்பு 200 லிட்டர் டிரம்முக்குத் தாங்காது. அந்த மாதங்களில் கொஞ்சம் பருமனான எரு, பாதி வெல்லம், மர நிழல், இரவு நேரம். வாடை திரும்பிய கரைசலைச் செடிக்குக் காட்டாதீர்கள், எருக்குழியிலேயே கொட்டிவிடுங்கள்.

சலிப்பதை எருவில் குறைத்துக் கரைசலில் கூட்டுங்கள் என்பேன். எருவைக் கொசுவலைப் பையில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டால் பருமனானது உள்ளேயே நிற்கும். மாவாக்கியது வலையைத் தாண்டி வந்து தெளிப்பானின் நாசிலை அடைக்கும். சொட்டுநீர் வடிகட்டி பெரும்பாலும் 130 மைக்ரான். அதில் விட்டால் நீளமான இழைகள் பலவும் அங்கேயே நின்றுவிடும். நான் வாளியில் மொண்டு வேரடியில் ஊற்றுகிறேன்.

வெல்லம் சேர்த்த கரைசலைக் கீரைமேல் தெளிப்பதில்லை. சாணத்தில் நோய்க்கிருமி தப்பியிருந்தால் வெல்லம் அதையும் வளர்க்கும். 2004-ல் அமெரிக்க அங்கக வேளாண் வாரியத்தின் பணிக்குழுவும் இதைத்தான் எச்சரித்தது. குவியல் நன்றாகச் சூடேறி ஆறிய எருவா என்று பாருங்கள். சூடே ஏறாத எருவை எந்தச் சல்லடையில் சலித்தும் பயனில்லை.