கன்சோல் எமுலேஷனை எங்கே வைப்பது?

நீவ், எஸ்எஸ்எல் போன்ற அனலாக் மிக்ஸிங் கன்சோல்களின் மின்சுற்றுகள், தம்முள் நுழையும் ஒலியைச் சற்றே திரித்து, மூல அதிர்வெண்ணின் மடங்குகளாக அமையும் சீரிசைகளை அதனுடன் சேர்க்கின்றன. இவ்வியல்பைக் கணினியில் உருவாக்கும் மென்பொருளே கன்சோல் எமுலேஷன். ஸ்லேட் டிஜிட்டலின் விசிசி, வேவ்ஸின் என்எல்எஸ் ஆகிய இரண்டும் சேனலுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று எனத் தனித்தனி ப்ளக்-இன்களாக வருகின்றன. திரிபின் அளவு உள்ளே வரும் ஒலியின் மட்டத்தைப் பொறுத்துக் கூடுவதும் குறைவதும் ஆதலால், எமுலேஷனுக்கு இடம் தேர்வது என்பது எத்தகைய ஒலியை அதற்குள் அனுப்புவது என்று தீர்மானிப்பதே ஆகும்.

சேனலின் முதல் இடம்

அசல் கன்சோலில், டேப்பிலிருந்து வரும் ஒலி முதலில் லைன் ஆம்ப்ளிஃபயரைக் கடந்த பிறகே ஈக்யூவை அடைகிறது. அதே வரிசையில் எமுலேஷனை முதலில் வைத்தால், பின்னால் ஈக்யூவையும் கம்ப்ரஸரையும் எவ்வளவு மாற்றினாலும் திரிபின் அளவு மாறாது. டிராக்கின் சராசரி மட்டத்தை டிஜிட்டல் உச்சத்துக்கு ஏறத்தாழ 18 டெசிபெல் கீழே அமைத்துவிட்டு மிக்ஸைத் தொடங்குவோருக்கு இதுவே மிக எளிய வழி.

ஈக்யூ, கம்ப்ரஸருக்குப் பின்

கிக் டிரம்மில் 60 ஹெர்ட்ஸை 6 டெசிபெல் உயர்த்திய பிறகு எமுலேஷன் வந்தால், உயர்ந்த அந்த ஒலியே அதை அழுத்தி 180 ஹெர்ட்ஸில் மூன்றாம் சீரிசையை வலுவாக எழுப்புவதால், அடிநாதத்தை ஒலிக்க இயலாத சிறிய ஸ்பீக்கரிலும் கிக் புலப்படும். கம்ப்ரஸர் ஏற்கெனவே மட்டத்தைச் சமன்படுத்தியிருப்பதால் திரிபும் சீராகப் பரவுகிறது. ஆனால் ஈக்யூவைத் தொடும் ஒவ்வொரு முறையும் திரிபும் சேர்ந்தே மாறும்.

ஃபேடருக்குப் பின்

பெரும்பாலான மிக்ஸிங் மென்பொருள்களில் இன்செர்ட்டுகள் ஃபேடருக்கு முன்னரே அமைவதால், ஃபேடரை ஏற்றி இறக்குவது எமுலேஷனைப் பாதிப்பதில்லை. ஏர்விண்டோஸின் அடிப்படைக் கன்சோல் ப்ளக்-இன்களோ இவ்வமைப்பில் சரிவர இயங்குவதில்லை. சேனலின் கடைசியில் ஒலியை ஒருவகையில் வளைத்து, பஸ்ஸின் தொடக்கத்தில் அதை எதிர்த்திசையில் நேராக்கும் முறை ஆகையால், இரண்டுக்கும் நடுவில் மட்டம் மாறக் கூடாது. எனவே ஃபேடரைச் சுழிய நிலையிலேயே விட்டுவிட்டு, எமுலேஷனுக்கு முன் வைக்கும் கெய்ன் ப்ளக்-இன்னைக் கொண்டு மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

பஸ்ஸும் மாஸ்டரும்

பல ஒலிகள் ஒன்றாகத் திரிபுறும்போது சீரிசைகளோடு, அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய ஒலிகளும் தோன்றுகின்றன: 100, 1000 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்தால் 900, 1100 ஹெர்ட்ஸிலும் ஒலி எழக்கூடும். டிரம் பஸ்ஸில் இது வாத்தியங்களைப் பிணைக்க உதவலாம். முழுப் பாடலும் சேரும் மாஸ்டரில் சற்றே மிகுந்தாலும் பாடகரின் குரல் தெளிவிழக்கும். அசல் கன்சோலில் ஒலிகளைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் முன்னே நிற்பதுபோல், பஸ் எமுலேஷனும் பஸ் கம்ப்ரஸருக்கு முன் வருவதே பொருத்தம்.

தேர்வு

புதிதாகத் தொடங்கும் மிக்ஸில் எல்லாச் சேனல்களின் முதல் இடத்தில் குறைந்த அளவிலும், பஸ்களின் தொடக்கத்தில் அதனினும் குறைவாகவும் இடுவது நல்லது. கிக், பேஸ் போன்று சீரிசை தேவைப்படும் ஓரிரு டிராக்குகளில் மட்டும் அதை ஈக்யூவுக்குப் பின் நகர்த்தலாம். மிக்ஸ் ஏறக்குறைய முடிந்திருந்தாலோ கணினியின் திறன் போதாவிட்டாலோ பஸ்களோடு நிறுத்திக்கொள்வதே சிறந்தது. ஏனெனில் முடியும் நிலையிலுள்ள மிக்ஸில் சேனல்தோறும் எமுலேஷனைச் சேர்ப்பது, அதுவரை அமைத்த மட்டங்களையும் கம்ப்ரஸர்களின் செயலையும் ஒருங்கே குலைத்துவிடும். எவ்விடத்தைத் தேர்ந்தாலும், கூடுதல் சத்தமே மேம்பாடாகக் கேட்கும் மயக்கத்தைத் தவிர்க்க, எமுலேஷன் இயங்கும்போதும் இயங்காதபோதும் வெளியீட்டு மட்டம் ஒன்றாக இருக்குமாறு அமைத்த பிறகே ஒப்பிட வேண்டும்.