மின்னஞ்சல் கோப்புறைகளைச் சேவையகத்துடன் ஒத்திசைத்தல்

அறிமுகம்
எமக்கு வரும் மின்னஞ்சல்களைப் பெற்றுச் சேமித்து வைக்கும் கணினி மின்னஞ்சல் சேவையகம் எனப்படும். தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் அவற்றை மேசைக் கணினியில் வாசிக்க உதவுகின்றன. சேவையகத்திலுள்ள கோப்புறைகளையும் கணினியிலுள்ள அவற்றின் பிரதிகளையும் ஒரே நிலையில் பேணுதல் ஒத்திசைத்தல் ஆகும்.

1. இரு நெறிமுறைகள்
பொப்: 1984இல் அறிமுகமானது. உட்பெட்டியிலுள்ள அஞ்சல்களை மட்டும் கணினிக்கு இறக்கும். பிரதியைச் சேவையகத்தில் விட்டுவைக்கும் தெரிவு இல்லாவிடின், இறக்கிய அஞ்சல் சேவையகத்திலிருந்து நீங்கிவிடும். இணைப்பு நேரத்துக்குப் பணம் செலுத்திய காலத்துக்கு இம்முறை பொருந்தியது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் 1990இல் தொடங்கிய லேர்ன் மின்னஞ்சல் சேவையும் தொலைபேசி இணைப்பிலேயே இயங்கியது.

ஐமேப்: 1986இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கினார். மூலப் பிரதி சேவையகத்திலேயே இருக்கும். எல்லாக் கோப்புறைகளும் ஒத்திசைக்கப்படும். ஒரே கணக்கைப் பல கணினிகளில் பயன்படுத்தலாம்.

அஞ்சலை அனுப்புவதற்குப் பயன்படுவது எஸ்.எம்.ரி.பி என்னும் வேறொரு நெறிமுறையாகும்.

2. ஒத்திசைவு நடைபெறும் விதம்
முல்லைத்தீவு நகரில் அலுவலகமும் புதுக்குடியிருப்பில் கிளையும் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு இடங்களிலும் ஒரே மின்னஞ்சல் கணக்கு ஐமேப் மூலம் திறக்கப்படுகிறது. மின்தடையின் பின்னர் கிளைக் கணினி மீண்டும் இணையும்போது பின்வருவன நிகழும்.

(i) பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட்டுக் கோப்புறைப் பட்டியல் பெறப்படும்.
(ii) இணைப்பு இல்லாத வேளையில் கிளையில் செய்த மாற்றங்கள் பொதுவாக முதலில் சேவையகத்துக்கு அனுப்பப்படும்.
(iii) கோப்புறையிலுள்ள ஒவ்வோர் அஞ்சலுக்கும் சேவையகம் ஒரு தனித்துவ எண் வழங்கியிருக்கும். கிளையிடம் இறுதியாக உள்ள எண் 240 எனின், அதற்குப் பிந்திய அஞ்சல்கள் மட்டும் கேட்கப்படும். இதனால் நேரமும் தரவும் மீதமாகும்.
(iv) பழைய அஞ்சல்களின் வாசிக்கப்பட்டது, பதிலளிக்கப்பட்டது போன்ற அடையாளங்கள் ஒப்பிட்டுத் திருத்தப்படும். எனவே நெல் கொள்வனவு பற்றிய அஞ்சலுக்கு முல்லைத்தீவில் பதில் அனுப்பப்பட்டிருப்பின், கிளையிலும் அது தெரியும்.
(v) சேவையகத்தில் இல்லாத அஞ்சல்கள் கிளைக் கணினியிலிருந்தும் அகற்றப்படும்.

3. அழித்தல்
ஐமேப் முறையில் அழித்தல் இரு படிகளில் நடைபெறும். முதலில் அஞ்சலுக்கு 'அழிக்கப்பட வேண்டியது' என்ற அடையாளம் இடப்படும். பின்னர் அகற்றும் கட்டளை கிடைத்ததும் அது நிரந்தரமாக நீங்கும். பல மென்பொருள்கள் அஞ்சலை முதலில் குப்பைத்தொட்டிக் கோப்புறைக்கு நகர்த்துவதால், அது வெறுமையாக்கப்படும் வரை மீட்கலாம்.

மாதிரி வினா
முல்லைத்தீவுக் கணினியின் வன்தட்டு நிறைந்தது. எழுதுநர் பழைய அஞ்சல்களை அழித்துக் குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினார். மறுநாள் கிளையில் நெல் கொள்வனவு அஞ்சல்கள் எவையும் காணப்படவில்லை.
(அ) இதற்குக் காரணம் யாது?
(ஆ) அவர் செய்திருக்க வேண்டியது யாது?
(இ) இரு கணினிகளிலும் பொப் பயன்படுத்தி, பிரதியை விட்டுவைக்கும் தெரிவும் இல்லாதிருப்பின் என்ன நேரும்?

விடை
(அ) அழித்தல் சேவையகத்தின் மூலப் பிரதியிலேயே நிகழ்ந்தது. அடுத்த ஒத்திசைவில் கிளைப் பிரதியும் நீங்கியது.
(ஆ) அஞ்சல்களைக் கணினியில் வைத்திருக்கும் கால அளவை மென்பொருள் அமைப்பில் குறைத்திருக்கலாம். அப்போது கணினிப் பிரதி மட்டும் நீங்கும். சேவையகப் பிரதி இருக்கும். முக்கிய அஞ்சல்களை வெளிச் சேமிப்புச் சாதனத்திலும் பிரதி செய்திருக்க வேண்டும்.
(இ) முதலில் இறக்கிய கணினியில் மட்டும் அஞ்சல் இருக்கும். மற்றைய இடத்தில் உள்ளவர்கள் அதைக் காணமாட்டார்கள்.

நினைவிற் கொள்க
ஒத்திசைவு என்பது காப்புப் பிரதி அன்று. ஒத்திசைவு சரியான மாற்றத்தைப் போலவே தவறான மாற்றத்தையும் எல்லாக் கணினிகளுக்கும் கொண்டு செல்லும். காப்புப் பிரதியோ அத்தவறிலிருந்து தரவைக் காக்கும். பரீட்சையில் இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுதுக.