கருவிலேயே போதை மருந்து சேர்ந்த தத்துப் பிள்ளைக்கு

கடலூர், சிதம்பரம் பக்கம் முறைப்படி தத்தெடுப்பவர் கைக்குப் பிள்ளை வரும்போது பெரும்பாலும் இரண்டு மாதம் தாண்டிவிடும். ஒப்படைத்த தாய் மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் சட்டத்திலேயே உண்டு. போதை மருந்து நின்றதால் பிறந்ததும் வரும் கடுமையான நடுக்கம் பெரும்பாலும் அதற்குள் அடங்கியிருக்கும். வீறிட்ட அழுகை, அரைகுறைத் தூக்கம், பால் குடிக்கத் தடுமாற்றம் இன்னும் சில மாதம் இருக்கலாம். அது உங்களைப் பிடிக்காததால் அல்ல. நரம்புகள் தேறிக்கொண்டிருக்கின்றன.

1. மருத்துவ அறிக்கையை உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பெற்றவர் பிள்ளையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் கடலூருக்கு 2011-ல் வந்தது. அப்படி வந்த பிள்ளை என்றால் தாயைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போகலாம். பிறந்த எடை, வலிப்பு வந்ததா, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதையாவது கேட்டு எழுதிவையுங்கள்.

2. ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. பால் கொடுக்கும்போதே பேசி, ஆட்டி, கொஞ்சினால் இந்தப் பிள்ளை தாங்காது. அடுத்தடுத்துக் கொட்டாவி, தும்மல் வந்தாலோ முகத்தைத் திருப்பினாலோ, போதும் என்று அர்த்தம். விளக்கைக் குறைத்து, கைகளை நெஞ்சோடு சேர்த்து, உடம்பைச் சற்று வளைத்து அணைத்து, மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். சிதம்பரம் தேர் வீதிகளில் வீடு இருந்தால், ஆனி, மார்கழி தரிசன நாட்களில் சத்தம் குறைந்த பின்கட்டு அறைக்கு மாறிவிடுங்கள்.

3. பழைய வேட்டித் துணியில் ஒரே சுற்று. இடுப்பும் காலும் தளர்வாக இருக்கட்டும். வியர்வை அதிகம் என்பதால் கடலூர் வெயிலுக்கு அதற்கு மேல் வேண்டாம். புரள முயன்றதும் சுற்றுவதை நிறுத்துங்கள். தூளியில் கண் அசந்தாலும், எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள்.

4. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். உறிஞ்சுவதும் விழுங்குவதும் இன்னும் சேர்ந்து வராத பிள்ளைக்குச் சங்கைக் கவிழ்த்து ஊற்றினால் புரையேறும். தலையைத் தூக்கிப் பிடித்து, உதட்டோரம் துளித்துளியாக விடுங்கள். பவுடர் பாலில் தண்ணீர் கூட்டாதீர்கள்.

5. வசம்பு, உரைமருந்து, கிரைப் வாட்டர், தேன், சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம்.

6. மலம் இளகி இளகிப் போவதால் தோல் புண்ணாகும். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள்.

7. எத்தனை ஆத்திரம் வந்தாலும் பிள்ளையைக் குலுக்காதீர்கள். தொட்டிலில் பத்திரமாகக் கிடத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். ராத்திரி முறை போட்டுக்கொள்ள வீட்டில் இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

8. “குடிகாரி பெத்த புள்ள” என்று உறவில் ஒரு வாய் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தச் சேதி பிள்ளைக்குச் சொந்தம், ஊருக்கு அல்ல.

9. பிள்ளை உங்கள் கைக்கு வந்த பிறகு இரண்டு ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தத்து நிறுவனத்தார் விசாரிக்க வருவார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மழுப்பாமல், உள்ளதைச் சொல்லி உதவி கேளுங்கள். தலை நிற்பது, பார்வை, பேச்சு தாமதமானால் அரசின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டுங்கள்.

10. வலிப்பு, உதடு நீலம், காய்ச்சல், எழுப்பியும் பால் குடிக்காமை: உடனே 108.